பாதி எழுத்து எங்கே போனது? கையால் அடித்த வெள்ளிக் காசுகள்: ஓர் எளிய விளக்கம்

அரபி எழுத்துள்ள பழைய வெள்ளிக் காசு ஒன்று பெட்டியிலிருந்து வெளியே வந்தால், கூடவே மூன்று கருத்துகளும் வந்துவிடும். ஓரத்தில் எழுத்து பாதியில் நிற்கிறது, யாரோ வெட்டியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் போலி என்பார் ஒருவர். இது குர்ஆன் வசனம், தாயத்து மாதிரி வைத்திருந்திருப்பார்கள் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் எண்ணை மட்டும் எப்படியோ படித்துவிட்டு, 1172 என்று போட்டிருக்கிறது, எண்ணூற்றைம்பது வருஷப் பழசு என்று விலை சொல்லவே தொடங்கிவிடுவார்.

மூன்றும் பெரும்பாலும் தவறு. சட்டைப்பையில் கிடக்கும் இயந்திரக் காசை மனதில் வைத்துக்கொண்டு கைக்காசைப் பார்ப்பதால் வருகிற தவறுகள் இவை. இயந்திரக் காசில் வடிவமைப்பு முழுவதும் காசின் மேலேயே இருக்கும். கையால் அடித்த ரூபாயில் வடிவமைப்பு இருப்பது அச்சில். காசில் விழுந்திருப்பது அதில் ஒரு பகுதி மட்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், எழுத்து ஏன் இழுத்து நீட்டப்பட்டிருக்கிறது, ஊர்ப் பெயர் ஏன் காணவில்லை, வரிகளை ஏன் கீழிருந்து மேலே படிக்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் விளங்கிவிடும். முகலாயர் கால வெள்ளி ரூபாயை மையமாக வைத்தும், அதன் மூதாதையான அரபு திர்ஹமையும் நம் ஊர்ப் பக்கத்து ஆற்காடு ரூபாயையும் தொட்டும் பார்ப்போம்.

## முத்திரை பெரிது, தாள் சிறிது

அலுவலகத்தில் குத்துகிற வட்ட ரப்பர் முத்திரையை எடுத்து, பேருந்துச் சீட்டு அளவுள்ள துண்டுத் தாளில் குத்திப் பாருங்கள். முத்திரையில் அலுவலகப் பெயர், ஊர், தேதி எல்லாம் இருக்கும். தாளில் விழுவது நடுவிலிருக்கும் தேதியும் ஊர்ப் பெயரில் இரண்டு எழுத்தும்தான். இன்னொரு துண்டில் சற்றுத் தள்ளிக் குத்தினால் அலுவலகப் பெயர் விழும், தேதி தப்பிவிடும். முத்திரையிலும் குறையில்லை, தாளையும் யாரும் கிழிக்கவில்லை.

முகலாய ரூபாயில் நடந்தது இதேதான். முத்திரையின் இடத்தில் இருப்பது அச்சு: எழுத்தைக் குழிவாகவும், இடம் வலம் மாற்றியும் வெட்டிய எஃகுத் துண்டு. தாளின் இடத்தில் இருப்பது வில்லை: இன்னும் எழுத்து விழாத, எடை பார்த்த வெள்ளித் துண்டு. ஒரு காசுக்கு இரண்டு அச்சுகள் வேண்டும். கீழச்சு அசையாமல் பதிக்கப்பட்டிருக்கும். அதன் மேல் வில்லை. அதற்கு மேலே இன்னொரு அச்சைப் பிடித்துக்கொள்ள, சம்மட்டி இறங்கும். குழிக்குள் வெள்ளி ஏறி, இரண்டு பக்கமும் எழுத்து புடைத்து நிற்கும்.

அக்பரின் அரசு எப்படி நடந்தது என்பதை எழுதிவைத்த அபுல் ஃபஸல், தமது அயினி அக்பரியில் அக்கசாலை ஆட்களை, அதாவது நாணயம் அடிக்கும் இடத்து ஊழியர்களை, ஒவ்வொருவராகச் சொல்கிறார். வெள்ளிக் கட்டியைத் துண்டு போடுபவர் ஒருவர், துண்டை அச்சுகளுக்கு நடுவே வைப்பவர் ஒருவர், சம்மட்டி போடுபவர் வேறொருவர். ஈரானிலும் தூரானிலும் (மத்திய ஆசியாவில்) இதற்கென்று தனிப் பட்டடை இல்லாமல் துண்டு போட முடியாது, ஹிந்துஸ்தானத்து ஆட்களோ அது இல்லாமலே மயிரிழை வித்தியாசம் வராமல் வெட்டிவிடுகிறார்கள் என்று அவருக்கு ஒரு பெருமை.

அவர் மெச்சுவது துண்டின் அளவை, எடையை. காசு அழகான வட்டமாக இருக்கிறதா என்பது யாருக்கும் பெரிய கவலையில்லை. ரூபாய் என்றால் சுமார் 11.5 கிராம் நல்ல வெள்ளி, அவ்வளவுதான். அந்த எடையைத் தடித்த சின்ன வில்லையாக ஆக்கினார்கள். விட்டம் பொதுவாக இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரும். அச்சோ அதைவிடப் பெரியது.

ஏன் பெரியது? கையால் அடிக்கும்போது மேலச்சு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகரும். அச்சும் வில்லையும் ஒரே அளவாக இருந்தால், நகர்ந்த பக்கத்தில் வெள்ளி வெறுமையாக நிற்கும். அச்சு பெரிதாக இருந்தால் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் வில்லை முழுக்க எழுத்து நிறைந்துவிடும். நாள் முழுக்க அடித்துத் தள்ள வேண்டிய இடத்தில் இது நல்ல ஏற்பாடு. விலையாகக் கொடுத்தது ஓரத்து எழுத்துகளை. அவை வில்லைக்கு வெளியே, காற்றில் போயின.

இது வெறும் ஊகமல்ல. பேரரசருக்குக் காணிக்கையாகக் கொடுப்பதற்கென்று அகலமான வில்லையில் அடித்த ரூபாய்கள் உண்டு. அவற்றுக்கு நஜரானாக் காசு என்று பெயர். புழக்கக் காசில் துண்டாகத் தெரியும் வாசகம் அவற்றில் ஓரத்துப் புள்ளி வளையம் உட்பட முழுசாக இருக்கும். நஜரானா கிடைக்காத வகைகளுக்கு நாணயவியலாளர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஒரே மாதிரியான பல காசுகளை அடுக்கி, ஒன்றில் மேல் வரி, ஒன்றில் கீழ் வரி, ஒன்றில் இடப்பக்கம் என்று சேர்த்து முழு வாசகத்தை மீட்கிறார்கள்.

போலியைப் பற்றிய பேச்சும் இங்கே தலைகீழாகிறது. எழுத்து வெட்டுப்பட்டிருப்பது போலிக்கு அடையாளம் அல்ல. ஒரே அச்சில் அடித்த இரண்டு அசல் காசுகள்கூட ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு, ஒரே வடிவ ஓரத்தோடு இருக்காது. உங்கள் முன்னால் வைத்த இரண்டு ரூபாய்களில் எழுத்து ஒரே புள்ளியில் நின்று, ஓரத்து வெடிப்பும் ஒன்றுபோலவே இருந்தால், அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். அசல் ஒன்றை வார்ப்பில் வைத்து நகல் எடுத்தால்தான் அப்படி வரும்.

இதுவரை பார்த்தது: அச்சு பெரிது, வில்லை சிறிது. காசு என்பது அச்சின் ஒரு பகுதி. எடைதான் கண்டிப்பு, வட்டம் அல்ல. எழுத்து பாதியில் நிற்பது இயல்பு.

## அரசர் தலை போய் எழுத்து வந்த கதை

அரபு ஆட்சியின் முதல் அரை நூற்றாண்டில் அடித்த வெள்ளிக் காசுகளைப் பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒரு பக்கம் கிரீடம் வைத்த ஈரானிய அரசர் தலை, மறுபக்கம் தீ வளர்க்கும் மேடை, அதன் இருபுறமும் காவலர். தோற்கடிக்கப்பட்ட சாசானியப் பேரரசின் காசு மாதிரியையே வைத்துக்கொண்டு, ஓரத்தில் மட்டும் 'பிஸ்மில்லாஹ்', அதாவது 'அல்லாஹ்வின் பெயரால்', என்று சேர்த்திருந்தார்கள். மக்களுக்குப் பழகிய முகம் இருந்தால்தான் காசு செல்லும் என்பது நடைமுறை அறிவு.

இதை மாற்றியவர் டமாஸ்கஸில் ஆண்ட உமையா கலீஃபா அப்துல் மலிக். இஸ்லாமிய ஆண்டுக் கணக்கான ஹிஜ்ரியில் 77இல், அதாவது கி.பி. 696-97இல், தங்க தீனாரும், ஹிஜ்ரி 79இலிருந்து (698-99) பரவலாக வெள்ளி திர்ஹமும் உருவம் ஏதுமின்றி எழுத்தோடு மட்டும் வந்தன. அந்த திர்ஹமின் அமைப்பு தெளிவானது. நடுவில் சில நேர்வரிகள், அது மைய வாசகம். அதைச் சுற்றி வட்டமாக ஓடும் ஒரு வரி, அது விளிம்பு வாசகம். முன்பக்க மையத்தில் 'அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை, அவன் ஒருவன், அவனுக்கு இணை இல்லை' என்பது மூன்று வரியில். அதைச் சுற்றி, 'அல்லாஹ்வின் பெயரால், இந்த திர்ஹம் இன்ன ஊரில் இன்ன ஆண்டில் அடிக்கப்பட்டது'. பின்பக்கம் மையத்திலும் விளிம்பிலும் குர்ஆன் வசனங்கள். கலீஃபாவின் பெயர் எங்கேயும் இல்லை!

ஆக, குர்ஆன் வசனம் என்று சொல்பவர் இந்த உமையா திர்ஹமைக் கையில் வைத்திருந்தால் அவர் சொல்வது சரி. ரூபாயை வைத்துக்கொண்டு சொன்னால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

விளிம்பு வாசகம் முழுசாகத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. திர்ஹம் மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் விட்டம் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாது. அதாவது ரூபாயின் கால் பங்கு எடையை ரூபாய் அளவு வட்டமாக, அல்லது அதைவிட அகலமாகத் தகடுபோல் தட்டியிருக்கிறார்கள். அகல வில்லை என்றால் அச்சு அதற்குள் அடங்கும். அச்சு அடங்கினால் ஓரத்தைச் சுற்றி எழுதும் துணிச்சல் வரும். வில்லையின் தடிமனே எழுத்தை எங்கே வைப்பது என்று தீர்மானித்துவிடுகிறது.

இன்ன ஊர், இன்ன ஆண்டு என்று ஒவ்வொரு காசிலும் எழுதியது பின்னாளில் வேறொரு வேலைக்கும் உதவியது. ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் 1999இல் தோண்டியெடுத்த ஸ்பில்லிங்ஸ் புதையலில் 67 கிலோ வெள்ளி இருந்தது. அதில் காசுகள் மட்டும் 14,000க்கும் மேல், பெரும்பாலும் திர்ஹம்கள். வைக்கிங் வணிகர்களுக்கு அவற்றில் என்ன எழுதியிருந்தது என்பது முக்கியமில்லை, வெள்ளிதான் வேண்டும். இன்றைய தொல்லியலாளருக்கோ எழுத்துதான் வேண்டும். எந்த ஊரில், எந்த ஆண்டில் அடித்த வெள்ளி என்று காசே சொல்லிவிடுகிறது.

நம் பக்கத்துக்கு வரும் முன் ஒரு காசை மட்டும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகப் பிடித்தது அது. 1027-28இல் கஜினி முகமது லாகூர்ப் பக்கம் அடித்த வெள்ளி திர்ஹம். ஒரு பக்கம் அரபியில் கலிமா, அதாவது 'அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை, முகம்மது அல்லாஹ்வின் தூதர்' என்ற உறுதிமொழி. மறுபக்கம் அதையே சமஸ்கிருதத்தில்: 'அவ்யக்தம் ஏகம், முஹம்மத அவதார, ந்ருபதி மஹமூத'. இறைவன் 'வெளிப்படாத ஒன்று' ஆகிவிட்டார், தூதர் அவதாரம் ஆகிவிட்டார். சோமநாதபுரத்தோடு மட்டும் நாம் சேர்த்து நினைக்கிற ஆளின் காசு இது.

## அச்சு வெட்டுகிறவரின் கணக்கு

எழுத்தே அலங்காரம் என்று ஆனபின், அச்சு வெட்டுகிறவர் சாதாரணக் கைவினைஞராக இருந்தால் போதாது. எழுத்தணிக்கலை தெரிய வேண்டும். அதையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாற்றி, எஃகில், இரண்டு விரல் அகலத்துக்குள் வெட்ட வேண்டும்.

உமையா திர்ஹமில் உள்ள எழுத்து கூஃபி வகை: நேர்கோடும் கோணமுமாக நிற்கும் எழுத்து. உளிக்கு ஏற்றது. அந்தக் காசுகளில் எழுத்துகளைப் பிரித்துக்காட்டும் புள்ளிகளைப் பெரும்பாலும் போடமாட்டார்கள் என்பதால், அரபி படிக்கத் தெரிந்தவரே ஊர்ப் பெயரில் தடுமாறுவார். முகலாயர் காசுகளில் போகப் போக நஸ்தலீக் வருகிறது. பாரசீகக் கவிதை ஏடுகளில் பார்க்கிற, சரிந்து வழிகிற, வளைவுகள் நிறைந்த எழுத்து. எஃகில் இதைக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை.

அக்பர் இதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார் என்பதற்கு அவர் அமர்த்திய ஆட்களே சாட்சி. ஃபத்தேபூர் சிக்ரி அக்கசாலைக்குத் தலைமை தாங்க 1570களின் இறுதியில் அவர் அனுப்பியது ஒரு கணக்குப்பிள்ளையை அல்ல. ஓவியரும் எழுத்தணிக் கலைஞருமான அப்துஸ் ஸமதை. 'ஷீரீன் கலம்', அதாவது இனிய எழுதுகோல், என்று பட்டம் பெற்றவர் அவர். அச்சு வெட்டுவதில் டெல்லி மௌலானா அலி அஹ்மதுக்கு எந்த நாட்டிலும் ஈடில்லை, ஆகச் சிறந்த எழுத்தாளர்களின் மாதிரி ஏடுகளுக்கு இணையாக எஃகில் வெட்டுகிறார் என்று அயினி அக்பரி சொல்கிறது.

சரி, வாசகத்தை அந்தச் சின்ன வட்டத்துக்குள் எப்படி அடக்குவது? இங்கேதான் அரபி எழுத்தின் ஒரு குணம் கைகொடுக்கிறது. அதில் சில எழுத்துகளை வேண்டிய அளவு இழுத்து நீட்டலாம், பொருள் மாறாது. முகலாய ரூபாயில் குறுக்கே நீளமான கோடுகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை வெறும் கோடுகள் அல்ல, 'ஜுலூஸ்' போன்ற சொற்களில் வரும் 'ஸ்' எழுத்தின் நீட்சி. ஒரே கோடு எழுத்தாகவும் இருக்கிறது, வட்டத்தை மாடி மாடியாகப் பிரிக்கும் தடுப்பாகவும் இருக்கிறது. ஒவ்வொரு மாடியிலும் ஒன்றிரண்டு சொற்களை வைத்துவிடலாம்.

மாடிகளின் வரிசை நம் வழக்கப்படி மேலிருந்து தொடங்காது. ஔரங்கசீப் காலத்திலிருந்து பரவலான பின்பக்க வாசகத்தை எடுத்துக்கொள்வோம். கீழ்த்தட்டில் 'ஸர்ப்' என்ற சொல்லும் ஊர்ப் பெயரும்: இன்ன ஊரில் அடித்தது. அதற்கு மேல் 'சனஹ் ஜுலூஸ்' என்பதும் ஓர் எண்ணும்: அரியணை ஏறி இத்தனையாவது ஆண்டு. அதற்கு மேல் 'மைமனத்'. உச்சியில் 'மானூஸ்'. கடைசி இரண்டும் சேர்ந்து அந்த ஆட்சி நற்பேறு கூடியது என்று வாழ்த்துகின்றன. கீழிருந்து மேலே படித்தால்தான் வாக்கியம் வரும். புதிதாகப் பார்ப்பவர் மேலிருந்து படிக்கப் பார்த்து, ஒன்றும் சேராமல் விட்டுவிடுவது இதனால்தான்.

இப்போது இதை முதல் பகுதியோடு சேர்த்துப் பாருங்கள். ஊர்ப் பெயர் கீழ் ஓரத்தில் இருக்கிறது. ஓரம்தான் முதலில் வெட்டுப்படும். ஆக, நமக்கு மிகவும் வேண்டிய தகவலே அடிக்கடி காணாமல் போகிறது! இதற்கு ஓரளவு ஈடு செய்வது குறிகள். பூ, நட்சத்திரம், மீன், பிறை என்று எழுத்துக்கு நடுவே சின்னச் சின்ன அடையாளங்களை வைத்திருப்பார்கள். பல அக்கசாலைகளுக்கு இப்படித் தனி அடையாளம் இருந்தது. லக்னோவில் அடித்த அவத் ரூபாயில் ஊர்ப் பெயர் தெரியாவிட்டாலும் மீன் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு தொல்லை புள்ளிகள். சில புள்ளிகள் எழுத்தைச் சேர்ந்தவை, சில வெற்றிடத்தை நிரப்பப் போட்டவை. இரண்டையும் பிரிக்கப் பழக்கம்தான் வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

சுருக்கமாக: நீண்ட கோடுகள் எழுத்தின் நீட்சி. வரிகள் பெரும்பாலும் கீழிருந்து மேலே. ஊர்ப் பெயர் அடியில் இருப்பதால் தப்பிவிடும், குறிகள் உதவும்.

## எழுதியிருப்பது என்ன?

முகலாய ரூபாயில் உள்ள வாசகத்தின் பெரும்பகுதி பாரசீக மொழி. எழுத்துதான் அரபி. உருது என்று நாம் சொல்லிவிடுவது எழுத்தைப் பார்த்து மொழியை ஊகிப்பதால் வருவது.

ஷேர் ஷா சூரி 1540களில் ரூபாயை நிலைநிறுத்தியபோது அதில் கலிமாவும் முதல் நான்கு கலீஃபாக்களின் பெயர்களும் இருந்தன. கூடவே அவருடைய பெயர் நாகரியிலும் சில காசுகளில் உண்டு. அக்பர் முதலில் கலிமாவை வைத்திருந்தார், பிறகு எடுத்துவிட்டு 'அல்லாஹு அக்பர், ஜல்ல ஜலாலுஹு' என்று போட்டார். 'இறைவன் பெரியவன்' என்று பொருள், ஆனால் அவருடைய பெயரான ஜலாலுத்தீன் அக்பர் இரண்டு பாதியிலும் ஒளிந்திருக்கிறது. அரண்மனையில் முணுமுணுப்பு எழுந்ததில் வியப்பில்லை. ஜஹாங்கீர் கவிதை விரும்பி. அவர் காசுகளில் ஈரடிப் பாடல்கள். மனைவி நூர்ஜஹான் பெயரிலும் காசு. போதாததற்கு 1618 முதல் மேஷம், ரிஷபம் என்று ராசி உருவங்கள் போட்டும் அடித்தார். இஸ்லாமிய அரசர் காசில் உருவமே இருக்காது என்று அடித்துச் சொல்பவர்களுக்கு இந்தக் காசுகளைக் காட்டலாம். ஷாஜஹான் கலிமாவைத் திரும்ப நடுவில் வைத்தார்.

அப்புறம் ஔரங்கசீப். சமயப் பிடிப்புக்குப் பெயர்போன அவர்தான் காசிலிருந்து கலிமாவை மறுபடி எடுத்தவர். எல்லார் கையிலும் புழங்கும் காசில் புனிதச் சொல் மாசுபடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த இடத்தில் ஒரு பாரசீக ஈரடி வந்தது: உலகில் ஒளிரும் முழுநிலவு போலக் காசு அடித்தார் ஷா ஔரங்கசீப் ஆலம்கீர். இது வெள்ளிக்கு. தங்க மொஹரில் 'முழுநிலவு' இருந்த இடத்தில் 'சூரியன்'. உலோகத்தின் நிறத்துக்கு ஏற்றபடி ஒரே ஒரு சொல்லை மாற்றிவிட்டார்கள்.

ஆகவே ஔரங்கசீப்புக்குப் பிந்தைய ரூபாய் ஒன்றைக் காட்டி இது குர்ஆன் வசனம் என்று யாராவது சொன்னால், அது பேரரசரின் பெயர், பட்டம், அவரைப் புகழும் பாடல், அடித்த ஊர், ஆண்டு, அவ்வளவுதான் என்று சொல்லலாம். தாயத்தாகச் சிலர் கட்டிக்கொண்டிருக்கலாம், கொக்கி பற்றவைத்த தடம் உள்ள காசுகள் ஏராளம். ஆனால் அடித்த நோக்கம் அது இல்லை.

பெயருக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? ஒருவர் அரசர் என்பதற்கு இரண்டு அடையாளங்கள் இருந்தன. வெள்ளிக்கிழமை தொழுகை உரையான குத்பாவில் அவர் பெயர் சொல்லப்பட வேண்டும். சிக்காவில், அதாவது காசில், அவர் பெயர் இருக்க வேண்டும். படையும் பணமும் இல்லாத பேரரசராக இருந்தாலும், காசில் பெயர் இருக்கும் வரை சட்டப்படி ஆட்சி அவருடையது. அடுத்த இரண்டு பகுதிகளும் இந்த ஒரு வழக்கத்தின் மேல்தான் நிற்கின்றன.

## ஒரு காசில் இரண்டு ஆண்டு

ரூபாயில் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும். முன்பக்கம் இருப்பது ஹிஜ்ரி ஆண்டு: நபிகள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்த கி.பி. 622இலிருந்து எண்ணுவது. பின்பக்கம் இருப்பது ஆட்சியாண்டு: அரசர் அரியணை ஏறியதிலிருந்து எண்ணுவது.

ஹிஜ்ரி ஆண்டு நிலவைப் பின்பற்றுவது, சுமார் 354 நாள். எனவே 622ஐ மட்டும் கூட்டினால் கணக்குச் சரிவராது. ஹிஜ்ரி எண்ணை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஓர் ஆண்டு முன்னே பின்னே விடை கிடைத்துவிடும். 1172ஐ எடுத்துக்கொண்டால் 1136.84, அதோடு 622, ஆக 1758.84. அதாவது 1758-59. எண்ணூற்றைம்பது வருஷம் என்றவர் சுமார் அறுநூறு வருஷத்தைச் சும்மா சேர்த்துவிட்டார்.

எண்ணைப் படிக்க ஒரு சின்ன உதவி. எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும் எண் நம்மைப் போலவே இடமிருந்து வலம்தான். 1 நேர்கோடு. சுழியம் ஒரு புள்ளி. 5 வட்டமாகவோ இதய வடிவிலோ இருக்கும். 7 மேல்நோக்கி விரிந்த இரண்டு கோடுகள், அதைக் கவிழ்த்தால் 8. ஏமாற்றுவது 6, நம் கண்ணுக்கு 7 மாதிரித் தெரியும்.

ஆனால் ஆண்டைப் படித்தாலும் அது உண்மையாக அடித்த ஆண்டுதானா என்பது வேறு கேள்வி. சராப்புகள், அதாவது காசின் தரம் பார்த்து மாற்றிக் கொடுத்தவர்கள், நடப்பு ஆட்சியாண்டுக் காசுக்கு முழு மதிப்புக் கொடுப்பார்கள். ஆண்டு பழசானால் தேய்மானக் கணக்கில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். இதனால் நல்ல வெள்ளிக் காசுகூட, ஆண்டு எண் பழசானதால் மட்டுமே ஒவ்வோர் ஆண்டும் மதிப்பு இறங்கியது. வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி இதற்கு ஒரு குறும்பான தீர்வு கண்டது. முகலாயப் பேரரசர் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டு (1777-78) அச்சில் வந்ததும் எண்ணை அங்கேயே நிறுத்திவிட்டது. பிறகு எத்தனை ஆண்டு போனாலும் காசில் 19தான். ஆண்டு மாறாவிட்டால் எது பழசு என்று சராப்பு எப்படிச் சொல்வார்? இப்படி நிறுத்திவைத்ததை உறைந்த ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம். முன்னே சொன்ன லக்னோ மீன் ரூபாயிலும் ஆட்சியாண்டு இப்படி 26இல் நின்றுபோனது.

சராப்புகளைப் பற்றி இன்னொன்று. காசின் மேல் சின்ன உளிக்குறிகள், பிறை, நட்சத்திரம் போன்ற குத்துகள் தென்பட்டால், அவை பெரும்பாலும் அச்சில் இருந்தவை அல்ல. வெள்ளி உள்ளே வரைக்கும் வெள்ளிதானா என்று சராப்பு குத்திப் பார்த்த தடங்கள். சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தக் குத்துகள்தான் காசு உண்மையில் கைமாறியதற்குச் சான்று.

## ஆற்காடு ரூபாய்: மூன்று குழப்பமும் ஒரே காசில்

தமிழ்நாட்டு வீடுகளில் கிடைக்கிற அரபி எழுத்து வெள்ளிக் காசுகளில் பெரும்பங்கு ஆற்காடு ரூபாய். ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

சென்னைக் கோட்டையில் முகலாய மாதிரி ரூபாய் அடிக்கக் கம்பெனிக்கு 1692இலேயே அனுமதி கிடைத்தது. அந்தக் காசுகளில் ஊர்ப் பெயர் 'சினாபட்டன்', அதாவது சென்னப்பட்டணம். பின்னர் கர்நாடக நவாபின், அதாவது ஆற்காடு நவாபின், தலைநகரான ஆற்காட்டின் பெயரில் அடிக்க அனுமதி வந்தது: புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்கு 1736இல், சென்னையில் ஆங்கிலேயருக்கு 1742இல். இரண்டு பேரும் அடித்த காசிலும் 'ஸர்ப் ஆர்க்காட்' என்றுதான் இருக்கும். எது எங்கே அடித்தது என்று எழுத்து சொல்லாது. பிறை இருந்தால் புதுச்சேரி, தாமரை இருந்தால் சென்னை. நவாபின் ஆற்காடு ரூபாய்க்கு வணிகத்தில் பெயர் இருந்தது, ஆகவே அந்தப் பெயரை இவர்கள் இருவரும் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

கம்பெனியின் ஆற்காடு ரூபாயில் உள்ள வாசகம் இரண்டாம் ஆலம்கீரின் பெயரில் (ஔரங்கசீப் ஆலம்கீர் அல்ல, அவருக்குப் பின்னால் வந்த இன்னொரு முகலாயப் பேரரசர்): வெற்றி வேந்தர் அஸீஸுத்தீன் முஹம்மது ஆலம்கீரின் நற்பேறுடைய காசு. பின்பக்கம் நமக்குப் பழகிய அதே கீழிருந்து மேல் வாக்கியம்: ஆற்காட்டில் அடித்தது, நற்பேறு கூடிய ஆட்சியின் 6ஆம் ஆண்டு. முன்பக்க எண் 1172. ஹிஜ்ரி 1172இல்தான் அவருடைய 6ஆம் ஆட்சியாண்டு தொடங்குகிறது, கணக்கு பொருந்துகிறது.

ஆனால் இரண்டாம் ஆலம்கீர் 1759 நவம்பரில் கொல்லப்பட்டார். காசோ நிற்கவில்லை. வங்காளத்தில் 19 மாதிரி, இங்கே 1172உம் 6உம் உறைந்துபோயின. டெல்லியில் அடுத்தடுத்து வேறு பேரரசர்கள் வந்தார்கள். சென்னைக் கம்பெனி திப்புவோடு போர் நடத்தியது, ஆற்காடு நவாபின் ஆட்சியே 1801இல் கம்பெனியின் கைக்குப் போனது. காசில் மட்டும் ஆலம்கீர், ஆற்காடு, 6. உங்கள் கையில் இருக்கும் 1172 காசு 1759இல் அடித்ததாகவும் இருக்கலாம், 1830இல் அடித்ததாகவும் இருக்கலாம்.

எப்படிப் பிரிப்பது? இங்கே நாம் முதல் பகுதியில் பார்த்தது வேலைக்கு வருகிறது. எழுத்து ஓரத்தில் வெட்டுப்பட்டு, வில்லை தடித்து, வட்டம் கோணலாக, இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று ஏறுமாறாகத் திரும்பியிருந்தால் அது கையால் அடித்தது, முந்தையது. வாசகம் முழுதாகக் காசுக்குள் அடங்கி, வட்டம் சரியாக, ஓரத்தில் பட்டையோ சாய்கோடுகளோ இருந்தால் அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனி கொண்டுவந்த இயந்திரத்தில் அடித்தது. ஆண்டு எண் பொய் சொல்கிற இடத்தில் காசின் ஓரம் உண்மையைச் சொல்லிவிடுகிறது. பாதி எழுத்து இல்லாத காசு போலி என்று நினைத்தோமே, இங்கே அதுதான் மூத்தது.

இயந்திர ஆற்காடு ரூபாயில் ஒரு விசித்திரம் உண்டு. அதில் வில்லை நகராது, அச்சு பெரிதாக இருக்கத் தேவையில்லை, வரிகளை மாடி மாடியாக அடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இருந்தும் நீட்டிய 'ஸ்' கோடும், கீழிருந்து மேலே ஏறும் வரிசையும், அடித்தட்டில் ஊர்ப் பெயரும் அப்படியே இருக்கின்றன. அந்த அமைப்பைப் பார்த்தால்தான் அது ரூபாய் என்று மக்கள் வாங்குவார்கள். கிரீடம் வைத்த ஈரானியத் தலையை அரபு ஆளுநர்கள் ஏன் அரை நூற்றாண்டு விட்டுவைத்தார்களோ, அதே காரணம்தான்.

1818இல் சென்னை ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம் என்று முடிவானது. 1835இல் கம்பெனி தன் ஆட்சிப்பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தபோது இந்த எடையையே எடுத்துக்கொண்டது. பழைய வாசகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. புதிய ரூபாயின் முன்பக்கம் நான்காம் வில்லியமின் தலை வந்தது, பேரரசரின் பெயர் போனது.